தண்ணீர் நின்ற உயரம்

அத்தியாயம் பதினொன்று

எங்கள் வீட்டில் மிச்சம் நின்றது ஒரே ஒரு சுவர். அதையும் நான்தான் கெடுத்தேன்.

இடித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கெல்லாம் உடம்பில் தெம்பு வேண்டும். நான் பெயிண்டர். என் தகுதிக்கு ஏற்றபடி வெள்ளையடித்துக் கெடுத்தேன்.

வேறொரு வேலையில் மீந்த அரை டின் பிரைமர் கையில் இருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கே வந்து இறங்கினேன். அண்ணன் வருவதற்குள் சுவரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு பூச்சு அடித்து வைத்தால் அவர் முகம் கொஞ்சம் மலருமே என்று ஆசை. மூன்று மாதமாக மலராத முகம் அது.

ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"கோடு எங்கடா?"

"எந்தக் கோடு?"

"தண்ணி நின்ன கோடுடா!"

சுவரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு விரிசல் தெரியும், கறை தெரியும். எனக்கு அது எத்தனை லிட்டர் குடிக்கும் என்பது மட்டும்தான் தெரியும். தொழில் புத்தி. சேற்றுக் கோடுகள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக ஏழெட்டு இருக்கும். எது எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. சுரண்டும்போது எவன் எண்ணினான்?

"இன்னைக்கு இன்ஜினியர் வர்றாங்கன்னு தெரியுமா தெரியாதா உனக்கு?"

"தெரியும்ணே. அதனாலதான் சுவர் பளிச்சுனு இருக்கட்டும்னு..."

"போட்டோ புடிக்கவா வர்றாங்க? அளக்க வர்றாங்கடா, அளக்க!"

கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அண்ணன் மேஸ்திரி. இருபத்தைந்து வருஷம் செங்கல் தூக்கிய கை. ஓங்கினால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நானும் ஒரு கோடாக ஒட்டிக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்தக் கை என் மேல் விழவில்லை. ஈரம் காயாத சுவரில் போய்ப் பதிந்தது. விரல்களில் ஒட்டிய வெள்ளையை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு மூச்சு விட்டார். கோபத்தில் விடுகிற மூச்சு இல்லை அது. தலையில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவன் விடுவானே, அந்த மூச்சு.

"சரி விடு," என்றார். "ஆனது ஆச்சு."

பிறந்ததிலிருந்து எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். அண்ணன் வாயில் 'சரி விடு' வந்து நான் கேட்டதில்லை. அடி விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

*

கடல் எங்கள் தெருவுக்குள் வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்தபோது அது ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள். திரும்பிப் போகும்போதுதான் எங்கள் மூன்று சுவர்களையும், எதிர்வீட்டையும், பக்கத்து வீடு இரண்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. விருந்தாளி போகும்போது பாத்திரம் பண்டத்தை எடுத்துக்கொண்டு போன கதை. எங்களுக்கு நின்றது ஒரு சுவர், அதில் ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே ஒரு கான்கிரீட் பரண், அதற்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு துண்டுக் கூரை.

அன்றைக்கு அண்ணன் உள்ளூரிலேயே வேறொரு சைட்டில் தளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிச் சாரத்தில் தொங்கிக்கொண்டு இளம்பச்சை அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணியும் அண்ணன் மகள் வாலுவும் பள்ளிக்கூட மாடியில் ஏறித் தப்பித்தார்கள். எனக்குச் சொல்லப்பட்டது இதுதான். கேட்டவர்களுக்கெல்லாம் நானும் இதைத்தான் சொல்லி வந்தேன்.

இப்போது சட்டம் ஒன்று வந்திருக்கிறது. தண்ணீர் ஜன்னலின் அடிமட்டத்துக்குக் கீழே நின்றிருந்தால் அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம். அதற்கு மேலே ஏறியிருந்தால் கட்டக் கூடாது, ஊருக்கு வெளியே மேட்டில் மனை தருவார்கள். தெரு கடலைப் பார்த்துச் சரிந்து இறங்குவதால் ஒரு வீட்டு அளவு இன்னொரு வீட்டுக்கு உதவாது. அந்தந்த வீட்டுச் சுவரில் இருக்கும் மேல் கோடுதான் சாட்சி. அந்தச் சாட்சிக்குத்தான் நான் முக்காடு போட்டுவிட்டேன்.

'மேட்டுக்குப் போறதா இருந்தா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்' என்று போன வாரம் இந்தப் பேச்சு வந்ததும் சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து போனார். அது வெறும் வீம்பு இல்லை. ஊரெல்லாம் வீடு கட்டியவர் தனக்கென்று கட்டியது இது ஒன்றுதான். ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டினார். அந்த ஆறு வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஞாயிற்றுக்கிழமையைக் கண்ணால் பார்த்ததில்லை.

"அண்ணே, அப்ப தண்ணி எவ்வளவு உயரம்தான் வந்துச்சு?"

"முட்டி."

"யார் முட்டி?"

"டேய், போய் உங்க அண்ணியைக் கூட்டிட்டு வா. மத்தியானம் அவளும் இருக்கணும்."

*

தெரு முனையில் சைக்கிள் கடை. கடைக்காரருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் தொடங்கினால் ஊர்ச் செய்தி முழுவதையும் படித்துவிட்டுத்தான் ஓய்வார். நடுவில் விளம்பரம்கூடக் கிடையாது.

"ரேடியோ அண்ணே, எங்க வீட்டுல தண்ணி எவ்வளவு வந்துச்சு? நீங்க பார்த்திருப்பீங்களே."

"ஏம்ப்பா, உங்க அண்ணன்கிட்ட கேக்கலாமே."

"அவர் முட்டிங்கறார்."

ரேடியோ சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஸ்பேனரை எடுத்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை இறுக்கத் தொடங்கினார்.

"அப்ப முட்டிதான்," என்றார்.

அவ்வளவுதான். அவராக நின்றுபோனதை அன்றுதான் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆறு குடும்பம் இன்னும் தங்கியிருக்கிறது. நாலாம் வகுப்பில் எங்கள் குடும்பம். நான் படித்த காலத்தில் நாலாம் வகுப்பைத் தாண்ட எனக்கு இரண்டு வருஷம் ஆனது. எங்கள் பரம்பரைக்கு அந்த அறையை விட்டு வெளியே வருவது எப்போதுமே கஷ்டம்தான்.

கரும்பலகையிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு. கயிற்றில் போர்வை. போர்வைக்கு இந்தப் பக்கம் அண்ணி தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்தார். மோட்டாரில் உப்புத் தண்ணீர் போனதிலிருந்து சக்கரத்தைக் கையால்தான் சுற்றுகிறார். பெஞ்சில் கிடந்த தலையணையைச் சாய்மானமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகில் சடசடவென்று ஏதோ நொறுங்கியது.

தடவிப் பார்த்தேன். பஞ்சு இல்லை. காலித் தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொன்றும் மூடியை இறுக்கித் திருகி, வரிசையாக உறைக்குள் வைத்துத் தைத்திருந்தது.

"என்ன அண்ணி இது? வாலு தலையணையா?"

"ம்."

"பிள்ளைக்குக் கழுத்து வலிக்காதா?"

"பழகிட்டா."

தலையணையை இருந்த இடத்தில் மெதுவாக வைத்தேன்.

"அண்ணி, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு."

"சின்னதா பெருசான்னு நான் சொல்றேன். என்னன்னு சொல்லுங்க தம்பி."

சொன்னேன். சக்கரம் நின்றது.

"சுவர் முழுக்கவா?"

"ஏணி இல்ல. கை எட்டின வரைக்கும்தான்."

"உங்க கை எவ்வளவு எட்டும்?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ரோலரோட சேர்த்தா... ஒரு ஏழடி."

"ஏழடி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

"நீங்களாவது சொல்லுங்க அண்ணி. தண்ணி எவ்வளவு வந்துச்சு?"

"இன்ஜினியர் எத்தனை மணிக்கு வர்றாங்க?"

எங்கள் குடும்பத்தில் ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்விதான் பதில். வெளியே தாழ்வாரத்தில் வாலு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயசு. நாடாவை முடிந்துவிட நான் குனிந்தபோது, கேட்காத கேள்விக்கு அவளே பதில் சொன்னாள்.

"சித்தப்பா, அதை நான் சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"அதையும் சொல்லக் கூடாது."

வக்கீலுக்குப் படிக்க வேண்டிய பிள்ளை என்று சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். போட்ட முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்துவிட்டது. மூன்றாவது தரம் அவளே போட்டுக்கொண்டாள்.

*

இன்ஜினியர் பதினொன்றரைக்கு ஜீப்பில் வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் அளவு டேப், பிளாஸ்டிக் உறைக்குள் ஃபைல். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. எதற்கு ரப்பர் பூட்ஸ் என்று யோசித்தேன்.

சுவரைத் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"இது யார் வேலை?"

"என் தம்பி மேடம்," என்றார் அண்ணன். "பாசக்காரன்."

"இருபத்தி மூணு வீடு பார்த்துட்டேன். வெள்ளையடிச்சு வரவேற்ற வீடு இதுதான்."

நான் பல்லைக் காட்டினேன். அவர் காட்டவில்லை. வெள்ளை முடிந்த இடத்துக்கு மேலே, பரணுக்கு அடியில் தெரிந்த பழுப்பை நிமிர்ந்து பார்த்தார்.

"மேல இருக்கிறது என்ன கறை?"

"கூரை உடைஞ்சுதுல்ல மேடம், மழைத் தண்ணி இறங்கினது," அண்ணன் உடனே சொன்னார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மேஸ்திரி பதில் கலவை மாதிரி, குழைத்துத் தயாராக இருந்தது.

அப்போது குளியலறை இருந்த இடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. களக், களக் என்று. சுவரில்லாத குளியலறையின் தரையில் தண்ணீர் வெளியேறுவதற்கென்று ஒரு துளை உண்டு. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், வீட்டுச் சாவி கையில் இருப்பவனைப் போல வந்தது. சிமெண்ட் தரையில் ஒரு கை அகலத்துக்குப் பரவி, நிதானமாக எங்கள் பக்கம் திரும்பியது.

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "கடல் ஏறி முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இது தினமும் வருதா?"

"இல்ல மேடம். பௌர்ணமிக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு நாள். அவ்வளவுதான்."

"பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு மேஸ்திரி."

அண்ணன் ஒரு செங்கலைக் காலால் தள்ளித் துளையின் மேல் வைத்தார். செங்கலைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வந்தது.

"உயரம் சொல்லுங்க," என்று ஃபைலைத் திறந்தார் இன்ஜினியர்.

"ரெண்டு அடி மேடம்."

"சரியா சொல்லுங்க. ரெண்டு அடியா, ரெண்டரையா?"

"அட, வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்ன மேடம்..."

சொல்லிவிட்டு அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பேனா நின்றது.

"தலைக்கு மேல போச்சா?"

"பழமொழி மேடம். பேச்சுக்குச் சொன்னேன்."

இன்ஜினியர் வாசல் பக்கம் திரும்பினார். அண்ணி அங்கே நின்றிருந்தார். மூன்று பக்கமும் திறந்து கிடக்கும் வீடு அது. ஆடு மாடுகூட எந்தப் பக்கமிருந்தும் உள்ளே வரலாம். அண்ணி மட்டும் கதவு நிலைக்கு வெளியே, படிக்கு அந்தப் பக்கமாக நின்றிருந்தார்.

"நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்கம்மா?"

"பள்ளிக்கூட மாடியில மேடம்," என்றார் அண்ணன்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

அண்ணி சேலைத் தலைப்பின் நூலொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அவர்தான் சொல்றாரே," என்றார்.

இன்ஜினியர் ஃபைலில் ஒரு தாளைப் புரட்டினார். "கோடு இல்லன்னா நேர்ல பார்த்த ஒருத்தர் கையெழுத்து வேணும். மனு போட்டவர் போடக் கூடாது."

"இவன் இருந்தான் மேடம்," என்று அண்ணன் என் தோளில் கை வைத்தார். "அன்னைக்கு இவன் இங்கதான் இருந்தான்."

தோளில் இருந்த கை கனத்தது. அப்பா போன பிறகு எனக்குச் சட்டை எடுத்துக்கொடுத்த கை. சாரத்திலிருந்து நான் விழுந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை. சுவர் கோணலாக இருந்தாலும் அண்ணன் நேர் என்றால் நேர்தான் என்று நம்பி வளர்ந்தவன் நான். தவிர, கோட்டை அழித்தவன் எவனோ அவன்தானே கோட்டுக்குப் பதிலாக நிற்க வேண்டும்?

"நேர்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

என் வாயிலிருந்து வந்த குரல் அண்ணனுடையதைப் போலவே இருந்தது.

உயரம் இரண்டு அடி மூன்று அங்குலம் என்று எழுதினார். ஜன்னல் அடிமட்டத்துக்கு ஒன்பது அங்குலம் கீழே. நான் கையெழுத்துப் போட்டேன். பொய்யான அளவு ஒன்றின் கீழே, பெயர்ப் பலகை எழுதுகிற அழகோடு தன் பெயரை எழுதிக் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். நிமிர்ந்தபோது அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. நீயுமா என்றுகூட இல்லை. கடைசி பஸ் போவதைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"ஃபைல் நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேல போகும்," என்று ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னார் இன்ஜினியர். "திருத்தம் இருந்தா அதுக்கு முன்னாடி வாங்க. போனதுக்கு அப்புறம் என்னால ஒன்னும் பண்ண முடியாது."

எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் பார்த்தது என்னை.

*

அதன் பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. முளைக்குச்சி அடித்தார். நூல் கட்டினார். நூலுக்கு அடியில் சுண்ணாம்புத் தூளைத் தூவி, வரப்போகும் சுவர்களைத் தரையில் வரைந்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக விசிலடித்தார். சுருதி சேரவில்லை, ஆனாலும் கேட்க ஆசையாக இருந்தது.

"இங்கதான் அவ மிஷின். பெரிய ஜன்னல் வைக்கப்போறேன், கடல் பக்கம்."

"கடல் பக்கமாண்ணே?"

"காத்து வரும்டா."

"வேற ஏதாவது வந்துச்சுன்னா?"

அண்ணன் நூலை இழுத்துப் பிடித்தபடி நிமிர்ந்தார். "நீயும் ஆரம்பிக்காதே. மேட்டுல என்ன இருக்கு சொல்லு? தீப்பெட்டி அடுக்கின மாதிரி வீடு. லாரி வந்தாத்தான் தண்ணி. அவ அங்க மிஷின் போட்டு யாருக்குத் தைப்பா, பாம்புக்கா? நான் வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாறணும். இங்க தெரிஞ்ச மூஞ்சி இருக்கு, தெரிஞ்ச கடை இருக்கு. கடல் என்ன நேத்தா வந்துச்சு? அது அங்கதான் இருக்கும், நாம இங்கதான் இருப்போம்."

பாதிக்கு மேல் நியாயம்தான். மேட்டுக்குப் போய்ப் பார்த்தவன் நான். அங்கே காற்றுகூட வழி கேட்டுக்கொண்டுதான் வருகிறது.

"அஸ்திவாரத்தை ரெண்டு அடி தூக்கிட்டா போதும்," என்றார். நின்ற சுவரைக் கொத்துக் கரண்டிப் பிடியால் தட்டினார். "பாரு, நிக்குதுல்ல? நான் கட்டினது. நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சுண்ணே."

"நாளைக்குக் காலையில தோண்டறோம். ஆளுங்களுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்."

தெருவில் அவர் போவதைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வீடு இருந்த இடங்கள். விசில் சத்தம் மட்டும் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

நான் தனியாக நின்றேன். குளியலறைத் தண்ணீர் அதற்குள் வடிந்துவிட்டது. வரைந்து வைத்த சுண்ணாம்புச் சுவரில் ஒரு மூலையை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தது.

என் சுவரைப் பார்த்தேன். ஏழடி வரை வெள்ளை, அதற்கு மேல் பழுப்பு. பாதி சவரத்தில் எழுந்து ஓடியவன் முகம் மாதிரி இருந்தது. தப்பு செய்தாலும் முழுசாகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. ரேடியோ கடையில் ஏணியை இரவல் வாங்கி வந்து சாத்தி, டின்னோடு ஏறினேன்.

பரணுக்கு மேலே தலை போனது. பரணில் ஒரு விரற்கடை தடிமனுக்குச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் கறையைக் கொண்டுவரும். இவ்வளவு சேற்றைக் கொண்டுவராது. டின்னை அங்கே வைத்துவிட்டு, மேலே எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்க்கக் கூரையின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் பெயிண்ட் அடிக்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கைத்தடம் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சுவிட்சுக்குக் கீழே இருக்கும். கதவு ஓரத்தில், படிக்கட்டுச் சுவரில் இருக்கும். என் இடுப்புக்கு மேலே இருக்காது. இடுப்புயரத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு அதிகம் அடித்தால் போதும் என்று வீட்டுக்காரர்களுக்கு நானே யோசனை சொல்லுவேன்.

இங்கே கூரையில் இருந்தது.

சேற்றில் பதிந்த சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எண்ணினேன்; பதினொன்று வரை எண்ணி நிறுத்திவிட்டேன். எல்லாம் ஒரே மூலையில், ஒரு தலையணை அளவு இடத்துக்குள் இருந்தன. நடுவில் பெரிய கை ஒன்று. அது மட்டும் பதியாமல் வழுக்கி, நான்கு விரல் நீளத்துக்கு இழுபட்டிருந்தது.

கீழே செருப்புச் சத்தம் கேட்டது. கதவு நிலைக்கு வெளியே அண்ணி. கையில் தேநீர் பிளாஸ்க்.

நான் எங்கே நிற்கிறேன், தலை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டார். பிளாஸ்க்கைப் படியில் வைத்தார்.

"இறங்குங்க தம்பி."

"பள்ளிக்கூட மாடின்னு சொன்னாங்களே அண்ணி."

"அது மறுநாள். ரேடியோ அண்ணன் வந்து இறக்கினதுக்கு அப்புறம்."

"அண்ணன்..."

"அவர் போன் பண்ணினார். தண்ணி தெரு முனைக்கு வந்துடுச்சுன்னு சொன்னேன். வெளியே ஓடாதே, இழுத்துட்டுப் போயிடும், வீட்டுக்குள்ளேயே இரு, நான் கட்டின வீடு நிக்கும்னார்." அண்ணி சுவரைப் பார்த்தார். "அவர் பொய் சொல்லல. தண்ணி இருந்த வரைக்கும் நாலு சுவரும் நின்னுச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"வந்து கோட்டைப் பார்த்தார். பார்த்துட்டு என்னை ஒன்னும் கேக்கல. மத்தவங்ககிட்ட மாடியில இருந்தோம்னு அவரே சொன்னார். சரி, அப்படியே இருக்கட்டும், அந்த மனுஷன் தூங்கட்டும்னு விட்டேன்."

ஏணியிலிருந்து இறங்கினேன். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது ஒரு ஜோக் வரும். அடக்க முடியாமல் வந்து தொலைக்கும். அன்றைக்கு வரவில்லை.

"அண்ணி, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நாளைக்குத் தோண்டப்போறார். ஒரே ஒரு தடவை, நேரா சொல்லுங்க. தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு?"

அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலைத் தூக்கிப் படிக்கு இந்தப் பக்கம் வைத்தார். பிறகு அடுத்த காலை. என் பக்கத்தில் வந்து நின்று, அந்தத் துண்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"கூரைக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு முகம் அளவுதான் இடம் இருந்துச்சு," என்றார். "நாங்க ரெண்டு பேரு இருந்தோம். மாத்தி மாத்தி மூச்சு வாங்கினோம், தம்பி."